மச்சாள்மாருக்கு ஒரு போக்கர் அறை

கசினோ உள்ள ஹோட்டல் ஒன்றைத் தேர்ந்து தரும்படி கேட்டுக்கொண்டு மட்டக்களப்பில் யாராவது உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், முதலில் முகத்தைச் சாதாரணமாக வைத்திருங்கள். நினைப்பதைவிட அது கடினமான வேலை. கதிர்காமத்துக்கு வான், கல்யாணக் கோஷ்டிக்கு பஸ், வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகளுக்குப் பாசிக்குடாவில் அறை என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய காதுக்கு, கசினோ என்ற சொல் புதிதாக இருக்கும். வாய் தானாகச் சிரிக்கப் பார்க்கும். சிரித்தால் வந்தவர் எழுந்து போய்விடுவார். சிரிக்காவிட்டால் உண்மையில் அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லுவார். நான் சிரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத எனக்கு ஒரு கதை கிடைத்திருக்கிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தொழில் அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். அறை பதிவு செய்வதும் விமானச் சீட்டு மாற்றுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கணினி பழகவே ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே என் செய்தியாசிரியர் எந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், படிக்கும் முன்னரே இரண்டு கேள்விகள் கேட்பார். யார் சொன்னது? அவர் நேரில் பார்த்தாரா? பயண முகவராக வந்த பிறகு அந்தக் கேள்விகள் இன்னும் அதிகமாக உதவின. ஹோட்டல்காரர் அச்சடித்துத் தரும் வண்ணப் புத்தகமும் ஒரு செய்திதான். என்ன, அதில் சம்பந்தப்பட்டவரே நிருபராகவும் இருக்கிறார்.

அன்று என் மேசைக்கு வந்தவர்கள் இரண்டு பெண்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் பூமணி. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புளியந்தீவில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். மற்றவர் யோகம். பூமணியின் அண்ணனை மணந்தவர், ஆகவே மச்சாள். நெடுங்காலமாகக் கனடாவில் மகனோடு இருந்தார். இருவருடைய கணவன்மாரும் காலமாகிவிட்டார்கள். கரடியனாற்றுப் பக்கத்து வட்டையில் இருந்த வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போக யோகம் ஊருக்கு வந்திருந்தார். வயல் அலுவல் முடிந்துவிட்டது. திரும்பிப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, கொழும்பில போக்கர் ஆடுற ரூம் உள்ள ஹோட்டல் ஒண்டு வேணும்," என்றார் யோகம். "நல்லதா இரிக்கணும்."

"எத்தின பேருக்கு அக்கா?"

"எனக்கும் இவக்கும்."

பூமணி சேலைக் கரையை இழுத்து விட்டுக்கொண்டார். "என்ட பேரை எழுதாதீங்க தம்பி. கோயில்ல தெரிஞ்சா வெக்கம்."

"கோயில் பரிபாலன சபையில இரிக்கிற அவ்வளவு பேரும் உன்னட்டத் தோத்த ஆக்கள்தானே கா. ஆரு வாய் திறக்கப் போறா?"

அது வெறும் பேச்சு இல்லை என்று பிறகு விசாரித்து அறிந்தேன். நம் பக்கத்துச் செத்த வீடுகளில் பந்தலுக்குள் முன்னூற்றுநாலு ஆடாமல் யார் பொழுதைப் போக்குகிறார்கள்? நாலு பேர் ஆடும் கடுதாசிச் சீட்டு விளையாட்டு அது. எதிரெதிரே இருக்கும் இருவர் சோடி. பூமணியும் யோகமும் இளம் வயதில் குசினிப் பக்கம் பெண்களுக்குள் ஆடத் தொடங்கியவர்கள். பிறகு பந்தலில் ஓர் ஆள் குறைந்த சமயம் இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வந்தால் சோடியாகத்தான் வருவோம் என்று இருவருமாக வந்து உட்கார்ந்து, பந்தலில் இருந்த ஆண்கள் எல்லாரையும் வரிசையாகத் தோற்கடித்து எழுப்பிவிட்டார்கள். யோகம் கனடாவுக்குப் போனதும் அந்தச் சோடி உடைந்தது. பூமணி அதன் பிறகு வேறு யாரோடும் சோடி சேரவில்லை.

கனடாவில் யோகத்துக்கு முன்னூற்றுநாலு ஆட ஆள் கிடைக்கவில்லை. முதியவர்களை ஏற்றிக்கொண்டு கசினோவுக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் ஏறினார். அங்கே போக்கர் பழகினார். சிறு தொகைக்குத்தான் ஆடுவார், ஆனால் ஒரு கிழமையும் தவறவிடமாட்டார்.

"நான் போறதா, இஞ்சயே நிக்கிறதா எண்டு யோசிச்சுக்கொண்டிரிக்கன் தம்பி," என்றார். "இஞ்ச வீடு இரிக்கு, மச்சாள் இரிக்கா, நல்ல மீன் இரிக்கு. இல்லாதது ஒண்டே ஒண்டு. மாசத்தில ஒருக்கா ஒழுங்கான மேசையில இருந்து ஒழுங்கா ஆடணும். அது கிடைச்சா நிக்கிறன். கிடைக்காட்டி மகன்ட வீட்டு நிலக்கீழ் அறைக்கே போறன்."

"பகிடியா சொல்றீங்க அக்கா?"

"பகிடி எண்டா வீட்டில இருந்து சிரிச்சிரிப்பன். உங்கட கந்தோருக்கு என்னத்துக்கு வாறன்?"

அவருடைய விமானச் சீட்டைப் பார்த்தேன். திகதியை மாற்ற வேண்டுமானால் கொழும்புப் பயணம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய இயலாது.

மறுநாள் காலையில் கதவு திறந்ததும் பூமணி தனியாக வந்தார்.

"தம்பி, எப்பிடியெண்டாலும் அவக்குப் பிடிக்கிற இடமாப் பாருங்க. அவ போயிட்டா நான் திரும்பவும் அந்த வீட்டில டீவியோடதான் கதைக்கணும். தேவையெண்டா கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க."

"கூட்டிச் சொல்லி என்ன செய்ற அக்கா? போனா அவவே பாப்பாதானே."

சிறிது யோசித்தார். "அப்ப, கூட்டிச் சொல்லத் தேவையில்லாத இடமாப் பாருங்க."

இதைவிடத் தெளிவான வேலைக் கட்டளை என் காலத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

தொலைபேசியில் விசாரித்து இந்த வேலையை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நானும் முதலில் தொலைபேசியைத்தான் எடுத்தேன். கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல் ஒன்றில், "போக்கர் இருக்கிறதா?" என்று கேட்டேன். "நிச்சயமாக இருக்கிறது," என்றது ஓர் இனிமையான குரல். வேறு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது அங்கே இறங்கிப் பார்த்தேன். அவர்கள் சொன்ன போக்கர் ஓர் இயந்திரம். பொத்தானை அழுத்தினால் திரையில் சீட்டுகள் வரும். அதற்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இருந்தது. அதிலும் போக்கர் என்று எழுதியிருந்தது. ஆனால் அங்கே ஆடுபவர் கசினோவுக்கு எதிராக ஆடவேண்டும். எதிரே இன்னொரு மனிதர் இல்லை.

அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வி கேட்டேன். சரியான கேள்வி, "ஆடுபவர் யாரோடு ஆடுகிறார்?" என்பது. வாடிக்கையாளரோடு வாடிக்கையாளர் ஆடும் மேசை, அதற்கென்று தனி அறை, அது தினமும் திறந்திருக்கிறதா, அல்லது வாரக் கடைசியில் மட்டுமா. இவற்றைக் கேட்ட பிறகு என் பட்டியலில் இருந்த ஹோட்டல்கள் மளமளவென்று உதிர்ந்தன.

மிஞ்சியது நடுத்தரமான ஒன்று. முன் மண்டபத்தில் தொங்குவிளக்கு கிடையாது. வரவேற்பு மேசையில் இருந்த பூ பிளாஸ்டிக். ஆனால் போக்கர் அறை இரண்டாம் மாடியில், இயந்திரங்களின் சத்தம் எட்டாத தூரத்தில் இருந்தது. அனுமதி கேட்டு, ஒரு மூலையில் இருந்து மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். கதிரைகளுக்குக் கைப்பிடியும் முதுகுச் சாய்வும் இருந்தன. கழிப்பறை அதே மாடியில். இந்த இரண்டையும் சிரிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்குத் தொங்குவிளக்கைவிட இவை முக்கியம். விதிகள் சுவரில் பெரிய எழுத்தில் இருந்தன. பிழிந்து எடுக்கும் குளிர் இல்லை. சுவரில் மணிக்கூடு இருந்தது, அது சரியான நேரமும் காட்டியது. கசினோக்களில் நான் கண்ட மணிக்கூடு அது ஒன்றுதான். எழுந்து போகும் வாடிக்கையாளரை யாரும் மறித்து இன்னொரு பானம் கொடுக்கவில்லை. முதல் தடவையாக வந்த ஓர் இளைஞர் விதி ஒன்று கேட்டார். சீட்டுப் பகிர்பவர் அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பதில் சொன்னார்.

ஒன்று மட்டும் நான் பார்க்கவில்லை. அன்று அந்த அறையில் தகராறு எதுவும் நடக்கவில்லை. நடந்தால் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. யோகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஸ்டிக் பூ உட்பட.

"பூவை நான் மோந்து பாக்கப் போறேனா? போடுங்க," என்றார்.

என்னையும் வரவேண்டும் என்று பூமணி பிடித்த பிடியில் நின்றார். போனேன். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் முற்பகல் மூவரும் இரண்டாம் மாடிக்கு ஏறினோம். உள்ளூர்க்காரர் என்பதால் பூமணிக்கும் எனக்கும் நுழைவுக் கட்டணம், அடையாள அட்டை, பதிவு என்று சற்று நேரம் போனது. அந்த நேரத்தில் வாசலில் நின்ற காவலாளியிடம் அவருடைய ஊர், பிள்ளைகள், சம்பளம் எல்லாவற்றையும் பூமணி கேட்டு முடித்துவிட்டார்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அதில் சோடி இல்லை. மேசையில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் எதிரி. பணத்துக்குப் பதிலாக வில்லைகள் வைத்து ஆடுவார்கள். தன் கைச் சீட்டு நல்லது என்று நினைப்பவர், அல்லது நல்லது என்று மற்றவர்களை நம்பவைக்க விரும்புபவர், வில்லைகளை நடுவுக்குத் தள்ளுவார். மற்றவர்கள் ஈடாகத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எல்லாரும் விலகினால் தள்ளியவருக்கே எல்லாம். விதிகளைப் பூமணிக்கு யோகம் ரயிலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். பூமணி எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார்.

இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இடம் இருந்தும் எதிரே போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் படவில்லை. அறையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த நான், அதில் உட்காரப் போகிறவர்களை ஆராயவில்லை.

யோகத்துக்கு அன்று எல்லாம் கூடி வந்தது. அவர் தள்ளினால் பூமணி விலகுவார். இளைஞர்களும் ஒவ்வொருவராக விலகுவார்கள். வில்லைக் குவியல் வளர்ந்தது. யோகத்தின் முதுகு நிமிர்ந்தது. தேநீர் வாங்கிக் குடித்தார். அதில் சீனி போதாது என்றுகூடச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

கொஞ்ச நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, கனடாவில இப்பிடி நான் ஒருநாளும் ஆடினதில்ல. இந்த ரூம் எனக்குப் பிடிச்சிட்டு. அந்தப் பிளேன் ரிக்கற்ற மாத்துற அலுவலைப் பாருங்க."

நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போக எழுந்தேன். பூமணியின் முகத்தைப் பார்த்தேன். முகம் பூவாய் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சியில்தான் எல்லாம் கெட்டது.

அடுத்த ஆட்டத்தில் யோகம் பெரிதாகத் தள்ளினார். மேசையில் இருந்தவர்கள் விலகினார்கள். கடைசியாகப் பூமணி. விலகுபவர் சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். மகிழ்ச்சியில் அதை மறந்து, பூமணி தன் இரண்டு சீட்டுகளையும் நிமிர்த்தி மேசை நடுவில் போட்டார்.

"கொண்டு போ கா, மச்சாள்."

இரண்டும் ஆசு. தொடக்கத்தில் ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டுகளில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு விலகுபவர் உலகத்தில் எந்த மேசையிலும் கிடையாது.

தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டவர் அந்தச் சீட்டுகளைப் பார்த்தார். பூமணியைப் பார்த்தார். யோகத்தின் குவியலைப் பார்த்தார். இவர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் போக்கர் மேசையில் அதைவிடப் பாரதூரமான குற்றச்சாட்டு கிடையாது. சீட்டுப் பகிர்பவர் கையை உயர்த்தினார். அறையின் பொறுப்பாளர் வந்தார்.

நான் முதல் தடவை பார்க்கத் தவறியதை இப்போது பார்க்கக் கிடைத்தது. பொறுப்பாளர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், வத்தளைப் பக்கத்துத் தமிழர். வந்ததும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சீட்டுப் பகிர்பவரிடம் என்ன நடந்தது என்று கேட்டார், முழுவதையும் கேட்டார். தொப்பிக்காரரிடம், நீங்கள் சொன்னது சரி, நன்றி என்றார். மேசையிடம் மன்னிப்புக் கேட்டு ஆட்டத்தைத் தொடரச் செய்தார். பிறகு மச்சாள்மார் இருவரையும் ஏதோ விருந்துக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, சுவரோரத்து சோபாவில் இருத்தினார். அவர் நின்றுகொண்டு பேசவில்லை. தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாபனம் எப்படிப்பட்டது என்பது, பிழை நடந்த பிறகு வரும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்ணப் புத்தகத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்குப் படம் இருக்காது.

"அம்மா, கோவிக்க வேணாம்," என்றார். "இங்க ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் குடுக்கக் கூடாது. புருஷன் பொஞ்சாதி வந்தாலும் அப்படித்தான்."

பூமணிக்கு விளங்கவில்லை. "நான் களவு செய்யல்லையே மகன். என்ட மச்சாள் போட்டத நான் எப்பிடி வெட்டுற?"

"வெட்டணும் அம்மா."

"சொந்த ஆக்களை வெட்டுறதா? இது என்ன விளையாட்டு?"

"இதுதான் அம்மா விளையாட்டு."

முன்னூற்றுநாலில் சோடியின் சீட்டுக்கு மேல் சீட்டுப் போடுபவரைப் பார்த்து ஊர் முழுக்கச் சிரிக்கும். அந்தப் பழக்கத்தில் வந்த கை அது. பொறுப்பாளர் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன், யோகத்தைப் பார்த்திராவிட்டால்.

"மச்சாள், இதுக்கு முதலும் இப்பிடி விட்டாயா?"

பூமணி கைப்பையைத் திறந்து, முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்தார்.

"கேக்கிறன்."

"நல்ல கடுதாசி வந்த நேரமெல்லாம் விட்டன். நீ வெல்லணும் எண்டுதானே நான் வந்த."

"அப்ப காலையில இருந்து நான் வெல்லல்ல."

"வெண்டாய்தானே. குவிச்சி வெச்சிரிக்காய்."

"நீ தந்ததைக் குவிச்சி வெச்சிரிக்கன்!" யோகத்தின் குரல் மட்டுமா உயர்ந்தது, அவரும் எழுந்துவிட்டார். "நான் என்ன சின்னப் புள்ளயா, கையில தந்து ஏமாத்த? அங்க மகன் எல்லாத்துக்கும் ஓம் அம்மா, சரி அம்மா எண்டுவான். மருமகளும் அப்பிடித்தான். ஒருத்தரும் என்னோட சண்டை பிடிக்க மாட்டினம். அந்த மேசையில மட்டுந்தான் எனக்கு ஆரும் விட்டுத் தாறல்ல. அதுக்குத்தான் போற நான். இஞ்ச வந்தா நீயும் அதைத்தான் செய்றாய்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, ரிக்கற்ற மாத்த வேணாம். நான் போறன்."

பூமணி சோபாவில் அப்படியே இருந்தார். கையில் இருந்த லேஞ்சியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்குத் தோன்றும் முதல் மூன்று யோசனைகளையும் செய்யாதீர்கள். எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன். யோகத்தைச் சமாதானப்படுத்துவது: அது அவருக்கு இன்னொரு ஓம் அம்மா ஆகியிருக்கும். பூமணியை மன்னிப்புக் கேட்க வைப்பது: பாசத்துக்கு மன்னிப்புக் கேட்க வைத்தால் இரண்டு பேருமே மறக்கமாட்டார்கள். சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவது: நம் தொழிலில் எல்லாப் பிரச்சினைக்கும் நாம் சாப்பாட்டைத்தான் நீட்டுகிறோம். நல்ல சாப்பாடு கோபத்தை ஒத்திப்போடும், அவ்வளவுதான். விமானச் சீட்டை ஒத்திப்போட அன்று ஒரு நாள்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த விடயம் ஒன்றுதான். யோகம் போக்கர் வேண்டும் என்று சொன்னபோது கேட்டது போக்கரை இல்லை. விட்டுத் தராத ஓர் ஆளைக் கேட்டார். அவர் வாயாலேயே அதை இப்போது சொல்லிவிட்டார். என் வேலை, அதைக் காதில் வாங்குவது.

பொறுப்பாளரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், இவர்கள் இருவரையும் மட்டும் ஒரு மேசையில் எதிரெதிராக ஆடவிட முடியுமா என்று கேட்டேன். அது வழக்கமில்லை என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மத்தியானம், கூட்டம் குறைவு, கடைசி மேசை சும்மா கிடந்தது.

"ஒரு மணித்தியாலம் தாறேன். சின்னக் கணக்கில ஆடட்டும். சண்டை வந்தா நிப்பாட்டிருவேன்."

"சண்டை வந்தாத்தான் நல்லம்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

யோகம் சம்மதிக்கவில்லை. "இவளோடயா? திரும்பவும் விட்டுத்தானே தருவா."

"விட்டுத் தந்தா எழும்பிப் போங்க அக்கா. நானே ஓட்டோ பிடிச்சுத் தாறன்."

பூமணி பக்கம் போய்க் குனிந்து சொன்னேன். "அக்கா, இந்த முறை விட்டுத் தந்தீங்க எண்டா, அவ கட்டாயம் போயிருவா."

"அப்ப வெல்லச் சொல்றீங்களா?"

"ஓம்."

"சொந்த மச்சாளையா?"

"சொந்த மச்சாளைத்தான்."

பூமணி லேஞ்சியைக் கைப்பைக்குள் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். எழுந்து போய்க் கடைசி மேசையில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் மேசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். போக்கரில் யோகம் பழுத்தவர். பூமணி அன்று காலையில் பழகியவர். யார் வெல்லுவார் என்று கேட்டிருந்தால் அந்த அறையில் எல்லாரும் யோகத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் முன்னூற்றுநாலில் சோடி ஆடுபவர், எதிரே இருக்கும் சோடியின் முகத்தையும் கையையும் பார்த்தே அவரிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று ஊகிப்பார். பூமணி தன் வாழ்நாளில் பாதியை யோகத்தின் எதிரே இருந்து, அவரைப் பார்த்தே கழித்தவர். யோகத்துக்கு நல்ல சீட்டு வந்தால் கை வளையலுக்குப் போகும். ஒன்றும் வராவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். கனடாக்காரர்களுக்கு இது தெரியாது. பூமணிக்குத் தெரியும்.

யோகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வில்லைகளைத் தள்ளினார். "என்னகா, பயமா இரிக்கா?"

"கையில ஒண்டுமில்லாம என்னத்துக்குகா இந்தத் துள்ளுத் துள்ளுறாய்?"

"இரிக்கா இல்லையா எண்டு வெச்சிப் பார்."

பூமணி வைத்தார். யோகம் சீட்டை நிமிர்த்தினார். ஒன்றும் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் யோகத்தின் கை வளையலுக்குப் போனது. பூமணி சீட்டைப் பார்க்கவே இல்லை, கவிழ்த்துத் தள்ளினார். "இதை நீயே வெச்சிக்கோ."

"பாக்காமலே போடுறியே, விட்டுத் தாறியா?"

"விட்டுத் தரல்ல. உன்ட கையில பெரிசு இரிக்கு."

யோகம் தன் சீட்டைப் பார்த்தார். பூமணியைப் பார்த்தார். கனடாவில் வாங்கிய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டம் வேறு. காலையில் வென்றபோது தேநீர் குடித்தவர், இப்போது தேநீர் ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை. பூமணியின் வாயும் திறந்துகொண்டது. சின்ன வயதில் எந்தச் செத்த வீட்டில் யார் எந்தச் சீட்டைப் பிழையாகப் போட்டார் என்று தொடங்கி, யோகத்தின் கல்யாணத்துக்கு வைத்த பலகாரத்தில் சீனி கூடியது வரைக்கும் போனார்கள். பொறுப்பாளர் ஒரு தடவை எங்கள் பக்கம் வந்து, சண்டையா என்று கண்ணால் கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். தொப்பிக்காரர் தன் மேசையை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். ஒரு சொல்லும் விளங்காமலே சிரித்தார்.

ஒரு மணித்தியாலம் முடியவில்லை. யோகத்தின் முன்னால் வில்லை ஒன்றுகூட இல்லை. பூமணி செருகியிருந்த தலைப்பை மெல்ல எடுத்துவிட்டார். பயந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன். நானும் பயந்துதான் இருந்தேன்.

"இந்த விளையாட்டு உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் யோகம்.

"விளையாட்டு இண்டைக்குத்தான் தெரியும். உன்னைத்தான் முந்தியே தெரியும்."

யோகம் கதிரையில் சாய்ந்தார். காலியான இடத்தைக் கையால் ஒரு தடவை துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரிக்கற்ற மாத்துங்க."

"எந்தத் திகதிக்கு அக்கா?"

"நான் இவளை வெண்ட அடுத்த நாளைக்கு."

விமான நிறுவனத்தின் கணினியில் அப்படி ஒரு திகதி கிடையாது. ஆறு மாதம் தள்ளிப் போட்டேன். அது முடிந்ததும் இன்னும் ஆறு மாதம். பிறகு அந்தச் சீட்டு காலாவதியானது. புதிது வாங்கும்படி யோகம் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. நம் தொழிலில் விற்காத சீட்டுக்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மாதம் ஒரு தடவை பூமணி அலுவலகத்துக்கு வந்து ரயிலும் அறையும் பதிவு செய்வார். பொறுப்பாளர் வாரநாள் மத்தியானத்தில் கடைசி மேசையை அவர்களுக்கு ஒதுக்கி வைப்பார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதமும் வந்தார். யோகம் அதுவரை ஒரு தடவைகூட வென்றிருக்கவில்லை.

"பாவம் அக்கா. ஒருக்காலாவது வெல்ல விடுங்களன்," என்றேன்.

பூமணி கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விட்டா பிளேன் ஏறிருவா தம்பி. நீங்க கொழும்பு ரயிலுக்கு ரெண்டு ரிக்கற் போடுங்க. ஜன்னல் சீற்ற அவக்குப் போடுங்க."